ஏழு வருஷம், ஒரே பல் ஆஸ்பத்திரி: ஒரு படகு மெக்கானிக்கின் கணக்கு

மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். புது ஸ்பேனரை ராத்திரி வெளியே மறந்து வைத்தால் ஒரு வாரத்தில் செம்மண் பூசின மாதிரி ஆகிவிடும் ஊர் இது. அதனால் எந்த மெஷினைப் பார்த்தாலும் முதலில் துருவைத்தான் தேடுவேன். பல் ஆஸ்பத்திரியைப் பற்றி மெக்கானிக்குக்கு என்ன தெரியும் என்று கேட்கலாம். அங்கே இருப்பதில் பாதி என் பட்டறையில் இருப்பதுதான்: கம்ப்ரஸர், டர்பைன், கேஸ்கெட், வால்வு. கொஞ்சம் சின்ன சைஸ், அவ்வளவுதான்.

2018-ல் கீழ்க்கடைவாய்ப் பல் வலி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, படகெல்லாம் கரையில் நிற்கும், எங்களுக்கு அப்போதுதான் தூக்கமில்லாத வேலை. கிராம்பு எண்ணெய் வைத்தே ஒரு மாசம் ஓட்டினேன். கன்னம் வீங்கின பிறகு அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்தில் கிடைத்த ஓர் இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து எடுத்த கொறடின் மூட்டில் துரு. "வண்டிய ஆஃப் பண்ணாம வந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவன்தான்.

மறுநாள் பஸ் பிடித்து ராமநாதபுரம் போனேன். அன்றிலிருந்து இன்று வரை ஒரே டாக்டரம்மாதான். ஏழு வருஷத்தில் எனக்கு இரண்டு வேர் சிகிச்சை, ஒரு பல் பிடுங்கல், நாலு அடைப்பு. அம்மாவுக்குக் கட்டுப்பல் செட். இதை எழுத அந்த அனுபவம் போதும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆட்டோகிளேவ், கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமியைக் கொல்கிற மெஷின். பெரிய குக்கர்தான். கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. சில கிருமிகளின் வித்து அதில் சாகாது. அழுத்தம் கொடுத்தால் நீராவி 121 டிகிரிக்குப் போகும், அதில் 15 நிமிஷம் வைப்பார்கள். 134 டிகிரி என்றால் மூணு நாலு நிமிஷமே போதும். இங்கே இருப்பது பி கிளாஸ் மெஷின். சாதாரண மெஷினுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். நீராவி விடுவதற்கு முன்னால் பம்ப் வைத்து உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சிவிடுமாம். சட்டென்று புரிந்துவிட்டது. டீசல் லைனில் ஏர் லாக் ஆனால் இன்ஜினுக்கு டீசல் போகாதில்லையா, அதே கதை. குழாய் மாதிரி உள்ளே ஓட்டை இருக்கிற கருவியில் காற்று அடைத்துக்கொண்டால் நீராவி நுழையாது. வெளியே பளபளக்கும், உள்ளே அழுக்கு அப்படியே இருக்கும்.

அப்படி ஓட்டை இருக்கிற கருவியில் முக்கியமானது பல் துளைக்கிற ஏர் ரோட்டர். காற்றில் சுற்றும் டர்பைன் அது, நிமிஷத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல். என் கையில் வருகிற படகு இன்ஜின் இரண்டாயிரம் சுற்றுக்கே கத்தும். சிக்கல் எங்கே என்றால், காற்றை நிறுத்தின நொடியில் டர்பைன் வேகம் குறையும்போது வாயிலிருக்கிற எச்சிலையும் ரத்தத்தையும் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளும். அதைத் தடுக்க வால்வு உண்டு. ஆனால் வால்வை மட்டும் நம்பக்கூடாது என்பது என் தொழில் சொல்வது. மேலே ஸ்பிரிட் தடவித் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு மாட்டினால் உள்ளே போனது உள்ளேயேதான் இருக்கும். இங்கே ஒவ்வொருவருக்கும் தனி ரோட்டர், தனிப் பையில். பை ஒருபக்கம் காகிதம், ஒருபக்கம் கண்ணாடித்தாள். என் கண்முன்னால்தான் கிழிப்பார்கள். பையில் இருக்கிற அம்புக்குறி நிறம் மாறியிருக்க வேண்டும்.

"நிறம் மாறிடுச்சுன்னா கிருமி செத்துடுச்சுன்னு அர்த்தமா?" என்று ஒருமுறை டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"இல்லண்ணே, சூடு போயிருக்குன்னுதான் அர்த்தம். செத்துச்சான்னு பாக்க வேற டெஸ்ட் இருக்கு" என்று ஒரு சின்னக் குப்பியைக் காட்டினார். சூட்டுக்கு அசையாத ஒரு பாக்டீரியாவின் வித்து அதில் இருக்குமாம். வாரம் ஒரு தடவை கருவிகளோடு அதையும் ஆட்டோகிளேவுக்குள் வைத்து எடுத்து, முளைக்கிறதா என்று பார்க்கிறார்கள். நோட்டில் தேதி போட்டு எழுதியிருந்தது. விளம்பரப் பலகையில் இல்லாத விஷயம் இதுதான், எனக்கு நம்பிக்கை வந்ததும் இதில்தான்.

அடுத்தது தண்ணீர். நம்ம பக்கத்துப் போர்த் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ரேடியேட்டரில் ஊற்றினாலே சுண்ணாம்பு கட்டும். அதையே ஆட்டோகிளேவில் ஊற்றினால் காயில் போச்சு. இங்கே டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி ஊற்றுகிறார்கள். நாற்காலியில் ரோட்டருக்கு வருகிற தண்ணீரும் மேலே தொட்டியிலிருந்து வருவதில்லை, தனி பாட்டில். மெல்லிசான டியூபில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் தேங்கினால் உள்சுவரில் வழுவழுப்பாகக் கிருமிப் படலம் கட்டும். அதனால் காலையில் இரண்டு நிமிஷமும், ஒவ்வொரு ஆளுக்கும் நடுவில் அரை நிமிஷமும் தண்ணீரைச் சும்மா பீய்ச்சிவிடுகிறார்கள். வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் "என்னத்துக்கு இப்படி வேஸ்ட் பண்றாங்க" என்று முணுமுணுத்ததுண்டு. குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊர்க்காரர்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது.

2025-ல் பேப்பரில் வந்த வாணியம்பாடிச் செய்தியைப் படித்தவர்களுக்கு இது புரியும். 2023-ல் ஒரு பல் கிளினிக்கோடு தொடர்புபட்ட மூளைத் தொற்றில் 8 பேர் இறந்தார்கள். திறந்த சலைன் பாட்டிலைத்தான் ஆய்வில் காரணமாகச் சொன்னார்கள். சுத்தமில்லாத கருவியால் அதைத் திறந்ததாம். அதைப் படித்த வாரத்தில் எனக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. கூச்சப்படாமல் "சலைன் புதுசா?" என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் சீல் உடையாத பாட்டிலை எடுத்துக் காட்டிவிட்டு உடைத்தார்.

மற்றவை வேகமாக. எக்ஸ்ரேயை வாயில் ஒரு தகடு வைத்து எடுக்கிறார்கள், மூச்சு விடுவதற்குள் திரையில் வந்துவிடும். பழைய பிலிமைவிடக் கதிர்வீச்சு குறைவு. ஈயக் கவசம் போர்த்துகிறார்கள். 2024-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் இனி அது தேவையில்லை என்று சொல்லிவிட்டதே என்று போனில் காட்டினேன். "போட்டா உங்களுக்கு நிம்மதின்னா போட்டுட்டுப் போறோம்ணே" என்றார். வேர் சிகிச்சையின்போது வேரின் நுனியை அளக்க ஒரு கருவி உண்டு, நுனி நெருங்க நெருங்க பீப் வேகமாகும், ரிவர்ஸ் எடுக்கிற கார் மாதிரி. வாயின்மேல் விரிக்கிற ரப்பர் ஷீட் எனக்குப் பிடிக்கவே இல்லை, மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் ஊசி மாதிரி இருக்கிற ஃபைல் தவறித் தொண்டைக்குள் போகாமல் காப்பது அதுதான். ஊசிகளை மட்டும் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போடுகிறார்கள், குப்பைக்கு 2016 விதிப்படி கலர் கலராகத் தனித்தனிப் பை.

குறையும் இருக்கிறது. முதல் வேர் சிகிச்சைக்குப் போட்ட கேப் பதினான்கு மாதத்தில் கழன்று மீன்குழம்புச் சோற்றில் விழுந்தது. காசு வாங்காமல் ஒட்டிக்கொடுத்தார்கள், சரி, ஆனால் அரைநாள் கூலி போனது போனதுதான். இரண்டாவது கேப்புக்கு மாவு வைத்துக் கடிக்கச் சொல்லாமல் கேமராவில் ஸ்கேன் எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். குமட்டல் இல்லை, வந்த கேப் உட்கார்ந்த விதமும் அழகு, பில்தான் பல்லை விடக் கூசியது. இன்னொரு தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால், ஆட்டோகிளேவ் கேஸ்கெட் போய்விட்டது, இரண்டு நாள் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு முட்டிவலி, பஸ்ஸில் ஏறி இறங்கிய கோபத்தில் நான் சத்தம்கூடப் போட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, கொதிக்க வைத்துச் சமாளித்திருக்கலாம், செய்யவில்லையே என்று தோன்றியது.

மூன்று வருஷம் முன்னால் ரோட்டரிலிருந்து வருகிற காற்றில் ஈரம் தெரிந்தது. கம்ப்ரஸரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். டேங்கின் அடித் திருகைத் திறந்ததும் பழுப்புத் தண்ணீர் ஒரு சொம்புக்கு மேல் கொட்டியது. கடல் காற்றை அமுக்கினால் அதிலிருக்கிற ஈரம் அடியில்தான் தங்கும், தினமும் வடிக்கணும் டாக்டரம்மா என்றேன். அவர் அன்று ஃபீஸ் வாங்கவில்லை.

போன மாதம் சீக்கிரமே போய்விட்டேன். இன்னும் லைட்டுகூடப் போடவில்லை. பின்பக்கத்திலிருந்து உஸ்ஸென்று காற்று போகிற சத்தமும் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் சொட்டுகிற சத்தமும் கேட்டது. உதவிக்கு இருக்கிற தங்கச்சி வாளியோடு வெளியே வந்து, "என்னண்ணே, இன்னும் எட்டு மணியே ஆகலயே" என்றது.