லீசு வீடா, வாடகை வீடா: பெங்களூர்க் கணக்கு

ராமமூர்த்தி நகரிலோ ஹொரமாவிலோ வீடு தேடி நடக்கும் எவரும் கேட்டுகளில் தொங்கும் பலகைகளில் இரண்டு வகையைக் காண்பார்கள். ஒன்று வாடகைக்கு, மற்றது லீசுக்கு. நம் ஊர்ப்பக்கம் போக்கியம் என்றும் தென்மாவட்டங்களில் ஒத்தி என்றும் வழங்கும் ஏற்பாடுதான் இங்கே லீசு எனப்படுகிறது. ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, காலி செய்யும்போது அதே தொகையை வட்டியில்லாமல் திரும்பப் பெற வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் லீசு மிகவும் கவர்ச்சியானது. மாதம் 15,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீட்டை 12 லட்சத்துக்கு லீசுக்குக் கேட்கிறார்கள் என்று கொள்வோம். அந்த 12 லட்சம் 7 சதவீத வட்டிக்கு வங்கியில் கிடந்தால் ஆண்டுக்கு 84,000 ரூபாய் வரும். லீசுக்குப் போகிறவர் இழப்பது அவ்வளவுதான். வாடகைக்குப் போகிறவரோ ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் கட்டுவதோடு, பழைய வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் ஒன்றரை லட்சத்தின் வட்டியையும் இழக்கிறார். ஆனால் கையிருப்பு இல்லாமல் நகையை அடகு வைத்து 12 சதவீத வட்டிக்குப் பணம் திரட்டினால், லீசுக்கும் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் செலவாகிவிடும். பழைய வரி முறையில் இருக்கும் சம்பளக்காரர் வாடகை ரசீது காட்டி வீட்டு வாடகைப் படிக்குப் பெறும் வரிச்சலுகையும், மாத வாடகையே இல்லாத லீசில் கிடைக்காது. ஆகவே சொந்தச் சேமிப்பு உள்ளவருக்கே லீசு லாபம். கடன் வாங்கி லீசுக்குப் போவதில் பெரிய மிச்சமில்லை.

இதே கணக்கை வீட்டுக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் விஷயம் புரியும். 12 லட்சத்தைக் கையில் வாங்குவதற்காக அவர் ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் வாடகையை விட்டுக்கொடுக்கிறார். அதாவது 15 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறார். சொந்தமாகக் கட்டடம் வைத்திருப்பவருக்கு வங்கி இதைவிடக் குறைந்த வட்டிக்கே கடன் கொடுக்கும் என்னும்போது, அவர் ஏன் நம்மிடம் வருகிறார்? மகளின் கல்யாணம், அவசர வைத்தியம் போன்ற நியாயமான காரணங்கள் உண்டு. பி-காத்தா மனையில், அதாவது முறையான அனுமதி இல்லாததால் மாநகராட்சி தனிப் பதிவேட்டில் வைத்திருக்கும் மனையில், கட்டிய வீடு என்பதால் வங்கிகள் தயங்கியிருக்கலாம். வங்கியில் வாங்க வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே வாங்கித் தீர்த்திருக்கவும் கூடும். எனவே லீசுக்குப் போகிறவர் தம்மைக் குடித்தனக்காரராக எண்ணாமல் கடன் கொடுப்பவராக எண்ணிக்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது என் கருத்து. குழாயில் காவேரித் தண்ணீர் வருகிறதா என்று மூன்று முறை கேட்கிறவர்கள், பத்திரம் யாரிடம் இருக்கிறது என்று ஒரு முறைகூடக் கேட்பதில்லை.

அப்படிக் கேட்காமல் குடிபோன எங்கள் உறவினர் ஒருவரின் வீட்டுக் கதவில், 10 மாதங்கள் கழித்து ஒரு வங்கியின் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் தவணை கட்டவில்லை. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, 60 நாள் அவகாசம் கொடுத்த பின்னும் கடன் தீராவிட்டால், வங்கி வழக்குத் தொடராமலேயே அடமானச் சொத்தைக் கைப்பற்றலாம். குடியிருப்பவர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். 2016-ஆம் ஆண்டின் திருத்தம் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் அங்கே லீசுக்காரரின் நிலை பலவீனமானது. அடமானத்தில் உள்ள வீட்டை உரிமையாளர் குத்தகைக்கு விடுவதற்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 65ஏ பிரிவு எல்லை வகுக்கிறது. நியாயமான வாடகை இருக்க வேண்டும், மொத்தப் பணமோ முன்கூட்டிய வாடகையோ வாங்கக் கூடாது, கட்டடமானால் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. லீசு என்பதே மொத்தப் பணம் வாங்குவதுதானே! மாத வாடகைக்காரருக்கு இதே நிலை நேர்ந்தால் அவர் இழக்கக்கூடியது அட்வான்ஸ் மட்டுமே. லீசுக்காரரோ வாழ்நாள் சேமிப்பையே இழக்கிறார்.

ஒப்பந்தப் பத்திரத்தைப் பொறுத்தவரை, வாடகைக்கு 11 மாத ஒப்பந்தம் எழுதுவதன் காரணம் எல்லாரும் அறிந்ததே. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பலர் மூன்று ஆண்டு லீசையும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, பதிவு செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தாளை நீதிமன்றத்தில் குத்தகைக்குச் சான்றாகக் காட்ட இயலாது. முறைப்படி போக்கிய அடமானமாகப் பதிவு செய்தால், கொடுத்த பணம் திரும்பும் வரை வீட்டைத் தம் வசம் வைத்திருக்கும் உரிமை கிடைப்பதோடு, வில்லங்கச் சான்றிலும் அது ஏறிவிடும். முத்திரைத் தீர்வை கணிசமாக ஆகும் என்பதால் இரு தரப்பும் தயங்குகிறார்கள். 12 லட்சத்தைக் கொடுக்கிறவர் தயங்குவதுதான் எனக்கு வியப்பு. பணம் கொடுக்குமுன் கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுப்பதும், செர்சாய் எனப்படும் மத்தியப் பதிவேட்டில் சிறு கட்டணம் செலுத்தி அடமானம் உண்டா என்று தேடுவதும், மூலப்பத்திரத்தின் நகலுக்குப் பதில் மூலத்தையே காட்டச் சொல்வதும் அவசியம். மூலம் வங்கியில் இருந்தால் அவரால் காட்ட முடியாது. பணத்தை ரொக்கமாகக் கொடுப்பது அறவே கூடாது.

உரிமையாளரைப் பார்க்காமல், இடைத்தரகு நிறுவனத்திடமே லீசுத் தொகையைக் கட்டும் மூன்றாவது வழியும் உண்டு. நிறுவனம் உரிமையாளருக்கு மாத வாடகை தரும் என்பது ஏற்பாடு; அது நின்ற மாதமே உரிமையாளர் நம்மை வெளியேறச் சொல்வார், நம் பணம் தம்மிடம் வரவில்லை என்பார், அது உண்மையாகவும் இருக்கும். இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வாடகையிலும் தொல்லைகள் இல்லாமல் இல்லை. பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழிப்பதும் ஆண்டுதோறும் வாடகையை ஏற்றுவதும் இங்கே வழக்கம். அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மிகக் கூடாது என்று மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் சொன்னாலும், ஒரு மாநிலம் ஏற்றால்தான் அங்கே அது செல்லும். ஆயினும் கடைசி மாதங்களில் வீட்டுக்காரரிடம் பேசி அட்வான்ஸில் கழித்துக்கொள்ளும் வாய்ப்பு வாடகைக்காரருக்கு உண்டு. லீசில் கழிக்க ஒன்றுமில்லை. வாங்கிய பணத்தை வீட்டுக்காரர் என்றோ செலவழித்திருப்பார். அடுத்த லீசுக்காரர் வந்து கொடுத்தால்தான் நமக்குத் திரும்பும். ஆகவே லீசு எடுத்தவர் மூன்று மாதம் முன்னதாகவே எழுத்தில் தெரிவித்துவிட்டு, புதியவரின் பணம் தம் வங்கிக் கணக்கில் ஏறும் வரை சாவியைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.