துபாயில் அவர், பெரம்பூரில் நான்: வாய்ஸ் மெசேஜ் அனுபவம்

என் கணவர் 2021 ஜனவரியில் துபாய்க்கு வேலைக்குப் போனார். நானும் மகளும் பெரம்பூரில் மாமியாரோடு இருக்கிறோம். தூரத்தில் இருப்பவரிடம் அன்பைச் சொல்ல வீடியோ கால், கடிதம், வாய்ஸ் மெசேஜ் மூன்றையும் வருடக்கணக்கில் பயன்படுத்திவிட்டேன். மூன்றில் என் ஓட்டு வாய்ஸ் மெசேஜுக்குத்தான்.

அமீரகத்தில் வாட்ஸ்ஆப்பில் மெசேஜ் போகும், அழைப்பு போகாது. அதனால் அங்கே அனுமதி உள்ள போடிம் ஆப்பில் பேசினோம். மகளுக்கு முதல் பல் விழுந்ததைக் காட்ட வீடியோ காலை விட நல்லது கிடையாது. ஆனால் நான், "உங்க ஞாபகமாவே இருக்குங்க" என்றால், "ம்... சரி, சாப்பிட்டியா?" என்பார். எனக்கு மனசு விட்டுப்போகும். 2022-ல் முதல் விடுமுறைக்கு வந்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஒரே அறையில் அடுக்குக் கட்டிலில் நாலு பேர். அவர்கள் காதுபட என்ன பேச முடியும்?

அவர் திரும்பிப் போனதும் வாய்ஸ் மெசேஜ் தொடங்கினோம். போனைக் காதில் வைத்தால் ஸ்பீக்கரில் வராமல் காதுக்குள் மட்டும் கேட்கும். இந்த ஒன்றுக்காகவே எனக்கு அது பிடித்துப்போனது. காலை ஆறரைக்கு மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது பேசி அனுப்புவேன். அங்கே அப்போது ஐந்து மணி. கம்பெனி பஸ் வருவதற்குள் கேட்டுவிடுவார். அவசரத்தில் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறார் என்று தெரிந்ததும் வேண்டாம் என்றேன். அந்த வேகத்தில் குரல்தான் போய்ச் சேருகிறது, அதிலுள்ள அன்பு போய்ச் சேருவதில்லை.

முதல் சில மாதம் "மிஸ் யூ, லவ் யூ" என்றே அனுப்பினேன். பதிலுக்கு ஒரு இதயம் வரும். ஒருநாள் அம்மா பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். அதை அப்படியே அவருக்கு அனுப்பினேன்: "போன தடவை வந்தப்போ எங்கம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், காலையிலிருந்து சாப்பிடாம கூடவே நின்னீங்களாமே. பெத்த பிள்ளை மாதிரின்னு அம்மா சொல்றாங்க. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?" சாயங்காலம் பதில் வந்தது. வண்டிச் சத்தம்தான் வெகுநேரம் கேட்டது. கடைசியில், "இன்னொரு தடவை சொல்லு" என்றார். அதற்கப்புறம், அவர் செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டுத்தான் பாராட்டுகிறேன்.

கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே வீட்டு வாசலுக்குத் தபால்காரர் வருவதில்லை, கம்பெனியின் தபால் பெட்டி எண்ணுக்குத்தான் போகும். கைக்குக் கிடைக்க வாரங்கள் ஆகும். அதனால் கல்யாண நாளுக்கு மட்டும் எழுதுகிறேன். போன முறை வந்தபோது பார்த்தேன், முதல் கடிதம் பர்ஸுக்குள் மடிப்பு கிழிந்து இருந்தது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. என் போனும் நனைந்து போய்விட்டது. பேக்கப் போட்டு வைக்கவில்லை, ஒன்றரை வருடக் குரல் மொத்தமும் போச்சு. வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இன்றே பேக்கப் போட்டுவிடுங்கள்.

புதுப் போன் வாங்கியதும் அவரிடம் சொல்லி அழுதேன். "இரு" என்றார். நட்சத்திரம் போட்டுப் பத்திரப்படுத்தியிருந்தவற்றை ஒவ்வொன்றாக அனுப்பினார். மொத்தம் 31, எல்லாம் என் குரல். ஸ்டான்லி விஷயம் இருந்தது. மகள் சைக்கிளுக்கு அவர் செயின் மாட்டிக் கொடுத்ததைச் சொன்னது இருந்தது. சம்பளம் பிடித்த மாதத்திலும் தங்கைக்குச் சீர் அனுப்பியதற்கு நான் அழுதுகொண்டே நன்றி சொன்னது இருந்தது. வெறும் "லவ் யூ" என்று அனுப்பியது ஒன்றுகூட அதில் இல்லை.