நார்மல் பி.எச்.சுக்குள் ஒளிந்திருக்கும் கோளாறு: மூன்று கணக்குமுறைகள்

ரத்தத்தின் அமில-கார நிலையைக் காட்டும் பி.எச். 7.40, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 40, அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 24. பார்த்தவுடன் ‘நார்மல்’ என்று மூடி வைக்கத் தோன்றும் ரிப்போர்ட். அதே ரத்தத்தில் சோடியம் 140, குளோரைடு 90 என்றால் கதையே வேறு.

ரத்தத்தில் காரம் எவ்வளவு கூடியோ குறைந்தோ இருக்கிறது என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும் பேஸ் எக்ஸஸ் முறை இங்கே ஏறக்குறைய சைபர் காட்டும். அதாவது கோட்டை விடும். பைகார்பனேட்டை மட்டும் பார்ப்பவரும் அப்படித்தான். ஆனால் பைகார்பனேட் முறையோடு ஒட்டியே வருவது, ரத்தத்தில் அளக்கப்படாத எதிர்மின் அயனிகளின் அளவைக் காட்டும் அனயான் கேப்: 140-லிருந்து 90-ஐயும் 24-ஐயும் கழித்தால் 26. சாதாரணமாக 12-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. கூடுதல் 14 அளவுக்கு அமிலம் சேர்ந்திருந்தால் பைகார்பனேட்டும் கிட்டத்தட்ட அந்த அளவு இறங்கி 10-க்கு வந்திருக்க வேண்டும். இறங்கவில்லையே! அப்படியானால் வேறொன்று அதை மேலே தள்ளியிருக்கிறது. சர்க்கரை நோயில் கீட்டோன் அமிலம் கூடி, கூடவே வயிற்று அமிலத்தை வெளியேற்றும் கடும் வாந்தியும் இருந்தால் இப்படி அசிடோசிஸும் (அமில மிகுதி) ஆல்கலோசிஸும் (கார மிகுதி) ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும்.

இதற்காக பேஸ் எக்ஸஸை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பெரிய ரத்த இழப்பில் நோயாளி தேறுகிறாரா, சரிகிறாரா என்பதை ஒரே எண்ணில் தொடர்ந்து பார்க்க அதுதான் வசதி. நாள்பட்ட நுரையீரல் நோயில் மட்டும் கவனம் தேவை: சிறுநீரகம் ஈடுகட்டுவதற்காக பைகார்பனேட்டைச் சேர்த்து வைப்பதால் எண் ஏறும், அதைத் தனியான ஆல்கலோசிஸ் என்று படித்துவிடலாம்.

மூன்றாவது, 1980-களின் தொடக்கத்தில் பீட்டர் ஸ்டூவர்ட் முன்வைத்த முறை. பைகார்பனேட் காரணம் அல்ல, விளைவுதான் என்பது அவர் வாதம். வலுவான அயனிகளின் (சோடியம், குளோரைடு போல முழுக்கப் பிரிந்தே இருப்பவை) வேறுபாடு, ரத்தப் புரதமான ஆல்புமின் போன்ற வலுக்குறைந்த அமிலங்களின் மொத்த அளவு, கார்பன் டை ஆக்சைடு ஆகிய மூன்றும்தான் பி.எச்.சைத் தீர்மானிக்கின்றன என்றார். சலைன் அதிகம் ஏற்றினால் அசிடோசிஸ் வருவதை இது அழகாக விளக்கும்: சலைனில் சோடியம் 154, குளோரைடும் 154, வேறுபாடு சைபர்; அது ரத்தத்தின் வேறுபாட்டையும் குறைத்து அமிலப் பக்கம் இழுக்கும். சரி, அவசரச் சிகிச்சையில் இரவு இரண்டு மணிக்கு இத்தனை அயனிகளையும் வரவழைத்துக் கணக்குப் போடுவது யார்?

என் ஓட்டு அனயான் கேப்புக்குத்தான், ஆல்புமின் திருத்தத்தோடு. ஆல்புமின் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே போனால், ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் கேப்போடு 2.5 கூட்ட வேண்டும். ஆல்புமின் 2 உள்ளவருக்கு 12 என்று வரும் ‘நல்ல’ கேப் உண்மையில் 17. ஸ்டூவர்ட் முறையின் பலனில் பெரும்பகுதி இந்த ஒரு கூட்டலிலேயே கிடைத்துவிடுகிறது.