அதே 90 ஆயிரத்துக்கு இரண்டு கேமிங் பிசி: பழைய சாக்கெட்டில் 16 ஜிபி கார்டா, புது சாக்கெட்டில் 8 ஜிபி கார்டா?

என் சித்தி மகன் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு கடை ஏறி இறங்கி இரண்டு கொட்டேஷன் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "அண்ணா, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே ரேட்தான் வருது, எதை எடுக்கட்டும்?" என்று கேட்டான். மானிட்டர் சேர்க்காமல் இரண்டுமே 90 ஆயிரத்தை ஒட்டி நின்றன.

முதல் கொட்டேஷனில் ரைசன் 5 5600 (பழைய ஏஎம்4 சாக்கெட்; சாக்கெட் என்பது போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்), பி550 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. இரண்டாவதில் ரைசன் 5 7600 (புது ஏஎம்5 சாக்கெட்), பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5, ஆர்டிஎக்ஸ் 5060. அந்தக் கார்டில் இருப்பது 8 ஜிபி. எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), கேபினட் இரண்டுக்கும் ஒன்றுதான். ஆக, முதல் கடைக்காரர் பணத்தை கார்டில் போட்டிருக்கிறார், இரண்டாமவர் பிராசஸர், போர்டு, ராம் பக்கம் போட்டிருக்கிறார்.

நான் முதல் கொட்டேஷனைத்தான் எடுக்கச் சொன்னேன். ஆனால் எல்லோருக்கும் அதே பதில் பொருந்தாது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கார்டிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பாதிப் பணம் அங்கேதான் போகிறது. ஆர்டிஎக்ஸ் 5060 மோசமான கார்டு இல்லை. 2025 மே மாதம் வந்தது, வேகமான ஜிடிடிஆர்7 மெமரி, 145 வாட் தான் இழுக்கும், டிஎல்எஸ்எஸ் 4 (படத்தைச் சின்னதாக வரைந்து ஏஐ மூலம் பெரிதாக்கி வேகம் கூட்டும் என்விடியா வசதி) உண்டு. 1080பி மானிட்டரில் வேலரண்ட், சிஎஸ்2, ஜிடிஏ 5 ஆடுகிறவருக்கு அந்த 8 ஜிபி ஒரு நாளும் குறுக்கே வராது. பிரச்சினை புதிதாக வரும் பெரிய கேம்களில், அதுவும் இன்னும் கூர்மையான 1440பி திரையில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) ஹை, அல்ட்ரா என்று ஏற்றும்போது. அப்போது 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் மிச்சத்தை கார்டு மதர்போர்டு வழியாக சிஸ்டம் ராமில் போய் எடுத்து வர வேண்டும். இந்தக் கார்டு தன் சொந்த மெமரியில் வினாடிக்கு 448 ஜிபி வரை படிக்கும். சாதா பி650 போர்டில் அதற்குக் கிடைக்கும் பிசிஐஇ 4.0 (கார்டையும் போர்டையும் இணைக்கும் பாதை) எட்டு லேன் வழியாக வருவது வினாடிக்குச் சுமார் 16 ஜிபி. அண்ணா சாலையில் போய்க்கொண்டிருந்த வண்டி முட்டுச் சந்துக்குள் திரும்பியது மாதிரி.

இதை நண்பர் வீட்டில் கண்ணெதிரே பார்த்தேன். அவரிடம் இருப்பதும் 8 ஜிபி கார்டுதான். திரை மூலையில் ஃபிரேம் எண்ணிக்கை 70-க்குப் பக்கத்தில் நின்றது, மெமரி 7.8 ஜிபி என்று காட்டியது. தெருமுனையில் திரும்பினார். அரை வினாடி எல்லாம் உறைந்து, எண் இருபதுகளுக்கு விழுந்து, மறுபடி ஏறியது. எதிரே இருந்த கடைப் பலகையில் எழுத்து ஈரத்தாளில் ஊறிய மை மாதிரிக் கலங்கி நின்றது, பக்கத்தில் போய் நின்ற பிறகும் தெளியவே இல்லை. சராசரி ஃபிரேம் கணக்கில் இதெல்லாம் தெரியாது. டெக்ஸ்சரை ஒரு படி குறைத்தால் சரியாகிவிடும் என்பதும் உண்மைதான், ஆனால் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத கார்டில் அதைச் செய்ய அவருக்கு மனசே வரவில்லை.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 2025 ஜூனில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வகையாக வந்தது. சிப் ஒன்றேதான். அமெரிக்க அறிமுக விலை 299 டாலர், 349 டாலர், அதாவது 50 டாலர் வித்தியாசத்தில் மெமரி இரட்டிப்பு. பெட்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், அதனால் பில்லில் 16 என்ற எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ரே டிரேசிங் (ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரையும் முறை) இல்லாத சாதாரண ஆட்டத்தில் இது 5060-ஐ விட வேகம். பதினாறு லேனும் இதற்கு உண்டு.

5060 எங்கே ஜெயிக்கிறது? டிஎல்எஸ்எஸ் இருக்கும் கேம்களின் பட்டியல் ஏஎம்டியின் அதே மாதிரி வசதியான எஃப்எஸ்ஆர் 4 பட்டியலை விட நீளம். பாத் டிரேசிங் (ரே டிரேசிங்கின் முழு வடிவம்) போன்ற கனமான வேலையில் என்விடியா முன்னே நிற்கும். எல்லாவற்றையும் விட, பிளெண்டர், மெஷின் லேர்னிங் என்று கூடா (CUDA, என்விடியா கார்டுக்கான மென்பொருள் தளம்) தேவைப்படும் படிப்போ வேலையோ இருந்தால் ஏஎம்டி கார்டோடு மல்லுக்கட்ட வேண்டாம், கொஞ்சம் காசு சேர்த்து 5060 டிஐ-யின் 16 ஜிபி வகையைப் பாருங்கள். தம்பி படிப்பது மெக்கானிக்கல், அவனுக்கு அந்தக் கேள்வி எழவில்லை. இன்டெல் ஆர்க் பி580-யும் ஒரு கடையில் சொன்னார்களாம். 12 ஜிபி, விலையும் குறைவு, ஆனால் 5600 மாதிரிப் பழைய பிராசஸரோடு சேர்த்தால் அதன் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பிராசஸருக்குத் தரும் சுமையால் வேகம் குறைகிறது, அதனால் இந்த ஜோடிக்கு வேண்டாம்.

அடுத்து பிராசஸர். இரண்டும் 6 கோர், 12 த்ரெட், 65 வாட், இரண்டோடும் கூலர் பெட்டியிலேயே வரும். 5600 வந்தது 2022 ஏப்ரலில், 7600 வந்தது 2023 ஜனவரியில். கணக்கில் ஒன்பது மாத இடைவெளிதான், ஆனால் தலைமுறை வேறு, 7600 கணிசமாக வேகம். 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு வேலரண்டை லோ செட்டிங்கில் போட்டிக்காக ஆடுகிறவர் என்றால் அந்த வேகம் ஒவ்வொரு ரவுண்டிலும் தெரியும், அவர் இரண்டாவது கொட்டேஷனையே எடுக்கலாம், தாராளமாக. 1440பி-யில் கதை உள்ள கேம்களை 60, 80 ஃபிரேமில் ஆடுகிறவருக்கு கார்டுதான் முட்டி நிற்கும், பிராசஸர் சும்மா காத்திருக்கும்.

இன்டெல் ஐ5 12400எஃப் விலை குறைவாகக் கிடைத்தால் 5600-க்குப் பதிலாக எடுக்கலாம், இரண்டும் ஏறக்குறைய ஒரே தரம். அது உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டும் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துபோனது.

சாக்கெட் விஷயத்தில் ஏஎம்5 பக்கம் இருக்கும் நியாயத்தை மறைக்க மாட்டேன். 2022-ல் வந்த அந்த சாக்கெட்டுக்கு 2027 வரைக்கும், அதற்கு அப்புறமும் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. மூன்று வருஷம் கழித்து அதே போர்டில் நல்ல பிராசஸராக மாற்றலாம். ஏஎம்4-ல் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிட்டது, 5700எக்ஸ்3டி மாதிரி வேகமான பிராசஸர் எல்லாம் கடையில் புதிதாகக் கிடைப்பதே அரிது. இன்னொன்றும் உண்டு, பலர் யோசிக்காதது: 7600-க்குள் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. கார்டு பழுதாகி வாரண்டிக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பி வராதபோது படிக்க, பிரவுஸ் பண்ண மெஷின் ஓடும். 5600-ல் அது கிடையாது, கார்டு போனால் திரை இருட்டு.

இதையெல்லாம் தெரிந்தும் நான் ஏன் பழைய சாக்கெட்டைச் சொன்னேன் என்றால், 8 ஜிபியை யாராலும் பிறகு 16 ஆக்க முடியாது, அது கார்டில் பற்றவைத்து வருவது. மெதுவான பிராசஸரை மாற்றலாம். போர்டு, ராம் சேர்த்து மாற்ற வேண்டியிருந்தாலும் 16 ஜிபி கார்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினட் நாலும் அடுத்த மெஷினுக்கு அப்படியே கூட வரும்.

ராம் விலையும் முதல் பக்கமே தள்ளுகிறது. 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்கு மெமரி போய்விடுவதால் டிடிஆர்5 விலை இரண்டு மடங்குக்கும் மேலே ஏறியது, மைக்ரான் நிறுவனம் டிசம்பரில் தன் குரூஷியல் பிராண்டையே சில்லறைச் சந்தையிலிருந்து எடுப்பதாக அறிவித்தது. டிடிஆர்4-ம் ஏறியது, ஆனால் அது பழைய மெஷின்களில் சும்மா கிடக்கிறதே. சித்தப்பா ஆபீஸிலிருந்து கழித்த டெஸ்க்டாப்பைத் திறக்கச் சொன்னேன், உள்ளே 8 ஜிபி 3200 ஸ்டிக் இரண்டு. கொட்டேஷனில் ராம் வரியை அடித்துவிட்டோம். (கடைக்காரர் போட்டிருந்ததும் 16 ஜிபி ஒற்றை ஸ்டிக். எப்போதும் இரண்டாக வாங்குங்கள், ஒற்றை ஸ்டிக்கில் பாதி வழி அடைபட்டுக் கிடக்கும்.)

முதல் கொட்டேஷனை எடுப்பவர்கள் ஒரு இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். பேசியது 5600, ஆனால் பில் போடும்போது ஒரு கடையில் 5600ஜிடி என்று வந்தது. "ஒண்ணுதான் சார், இதுல டிஸ்ப்ளேவும் வரும்" என்றார்களாம். ஒன்று இல்லை. ஜிடி-யில் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) 32 எம்பிக்குப் பதில் 16 எம்பி, கார்டுக்குக் கிடைப்பதும் பழைய, மெதுவான பிசிஐஇ 3.0. 5500, 5600ஜி இரண்டும் இதே கதைதான். ஏ520, பி450 போர்டு என்றாலும் 3.0-தான், அதனால் பி550-ஐ விட்டுக்கொடுக்காதீர்கள். தம்பி வேறு கடையில் வாங்கினான்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 750, 850 என்று பயமுறுத்துவார்கள். 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட், பிராசஸர் முழு வேகத்தில் 76 வாட், மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300-ஐத் தாண்டுவது கஷ்டம். நல்ல கம்பெனியின் 550 வாட் போதும். பெயர் தெரியாத பெட்டியில் 750 என்று எழுதியிருப்பதை விட அது மேல். ஆனால் யுபிஎஸ்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம்: வீட்டில் கிடக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும், மானிட்டரும் சேர்ந்தால் மூச்சுத் திணறும், கரண்ட் போன நொடியில் மெஷினும் அணையலாம். 1000 விஏ எடுங்கள். கேபினட்டில் முன்பக்கம் முழுக் கண்ணாடி அழகாக இருக்கும், ஆனால் மே மாதச் சென்னை மதியத்தில் ஏசி இல்லாத அறைக்கு வலை முகப்பும் கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டியும்தான் சரி.

ராமில் மிச்சமான காசு 1440பி மானிட்டருக்குப் போனது. சனிக்கிழமை அவனே அசெம்பிள் செய்தான். ராத்திரி பதினொரு மணிக்கு போன், "அண்ணா, ஃபேன் எல்லாம் சுத்துது, டிஸ்ப்ளேயே வரலை." வீடியோ காலில் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னேன். மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகியிருந்தது. கழற்றி கீழே கார்டில் செருகியதும் லோகோ வந்தது. பயாஸில் ராம் 2133-ல் ஓடிக்கொண்டிருந்தது, எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் செட்டிங்) போட்டு 3200 ஆக்கினோம். விண்டோஸ் ஏறியதும் 60 ஹெர்ட்ஸில் நின்ற மானிட்டரை 165-க்கு மாற்றச் சொல்லிவிட்டு நான் தூங்கப் போனேன். அவன் தூங்கவில்லை என்று காலையில் சித்தி சொன்னார்.