ஸ்காட்லாந்தில் கடலோரக் கோட்டைத் திருமணம்: முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

கடந்த மே மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை பிற்பகலில், ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் கடலை ஒட்டிய பாறை உச்சியில் நிற்கும் ஒரு பழைய கோட்டையின் வாசலில், அரக்கு நிறக் காஞ்சிப் பட்டுடனும் 38 விருந்தினருடனும் நான் மணக்கோலத்தில் நின்றிருந்தேன். நுழைவுச்சீட்டு தரும் அறையில் இருந்த பெண்மணி தம் பதிவேட்டை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, அன்றைய தேதியில் அங்கே எந்தத் திருமணமும் பதிவாகவில்லை என்று மிகுந்த வருத்தத்துடன் சொன்னார். அந்தக் கோட்டைக்கென்றும் அதைச் சுற்றிய ஏற்பாடுகளுக்கென்றும் நாங்கள் ஒரு திருமண ஏற்பாட்டாளருக்கு 4,800 பவுண்டு கட்டியிருந்தோம். இதே கனவோடு இணையத்தில் தேடிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளும், அவர்களுக்குப் பணம் அனுப்பும் பெற்றோரும் எங்களைப் போல் ஏமாறக் கூடாது என்பதற்காக, நடந்தது முழுவதையும் எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் அபெர்டீனில் முதுகலை படித்தபோது அறிமுகமானவர்கள். விடுமுறை நாட்களில் ஸ்டோன்ஹேவன் வரை பேருந்தில் போய், அங்கிருந்து கடலோரப் பாதையில் நடந்து டனாட்டர் கோட்டைக்குச் செல்வது எங்கள் வழக்கமாக இருந்தது. மூன்று பக்கமும் கடல் சூழ, ஏறத்தாழ 160 அடி உயரப் பாறையின் மேல் நிற்கும் அந்தக் கோட்டையில்தான், 1651, 1652 ஆண்டுகளில் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் படை முற்றுகையிட்டிருந்த காலத்தில், ஸ்காட்லாந்து மன்னர்களின் கிரீடமும் செங்கோலும் வாளும் பாதுகாக்கப்பட்டன. பின்னர் அவற்றை எதிரியின் கண்ணில் படாமல் வெளியே கொண்டுபோய், கினெஃப் என்ற ஊரின் தேவாலயத் தரைக்கு அடியில் புதைத்து வைத்தார்கள். அந்தக் கதையை எனக்கு முதன்முதலில் சொன்னவர் என் கணவர்தான். திருமணம் என்ற பேச்சு வந்ததும், மதுரையில் ஆவணியில் முகூர்த்தம், அதற்கு முன் ஸ்காட்லாந்து முறையில் ஒரு கோட்டைத் திருமணம் என்று இருவரும் முடிவு செய்ததற்கு அதுவே காரணம்.

நாங்கள் அணுகிய ஏற்பாட்டாளர், டனாட்டரில் எங்கள் தேதி கிடைக்காது என்று சொல்லி, அதே கரையில் வடக்கே உள்ள வேறொரு கோட்டையைப் பரிந்துரைத்தார். அந்தக் கோட்டையின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை; அங்கே பணிபுரிபவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை, எங்களிடம் மிகுந்த பரிவுடன் நடந்துகொண்டார்கள். ஏற்பாட்டாளர் அனுப்பிய வண்ணக் கையேட்டில் வெளிப்புறப் படங்கள் அந்தக் கோட்டையுடையவை. உட்புறப் படங்களில் தூண்கள் சூழ்ந்த முட்டை வடிவப் படிக்கட்டும், அலங்கார மேற்கூரையும், சிவப்புக் கம்பளமும் இருந்தன. அந்தப் படிக்கட்டு நாட்டின் மறுகரையில், ஏர்ஷயரில் உள்ள கல்லேன் கோட்டையுடையது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1777 முதல் 1792 வரை ராபர்ட் ஆடம் என்ற கட்டடக் கலைஞர் புதுப்பித்துக் கட்டியதும், இன்று ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் இருப்பதுமான முழு மாளிகை அது. எங்களுக்குச் சொல்லப்பட்ட இடமோ கூரையில்லாத இடிபாடு. பாறை உச்சிக் கோட்டை என்ற ஒரே பெயருக்குள் இந்த இரண்டு வகையும் அடங்கிவிடுவதால், மழை வந்தால் எங்கே நிற்பது, வயதானவர்கள் எத்தனை படி ஏற வேண்டும் என்பதைக் கேட்காமல் யாரும் ஒப்புக்கொள்ள வேண்டாம். டனாட்டருக்கே கடல் மட்டம் அளவுக்கு இறங்கி மீண்டும் ஏற 200க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. எங்கள் ஏற்பாட்டாளர், என் பாட்டியைக் கோட்டை வாசல் வரை காரிலேயே கொண்டு விடலாம் என்று எழுத்தில் உறுதி கொடுத்திருந்தார். கார் நிறுத்துமிடத்திலிருந்து வாசலுக்கு மேடும் பள்ளமுமான மண் பாதையில் கால் மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது. பாட்டி காரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. வாடிக்கையாளர் கோட்டை நிர்வாகத்தை நேரடியாகத் தொடர்பு கொண்டால் முன்பதிவு ரத்தாகும், கட்டிய பணம் திரும்பாது என்பதே அது. கோட்டைக்காரர்கள் முகவர்களுடன் மட்டுமே பேசுவார்கள், நடுவில் மணமக்கள் புகுந்தால் குழப்பம் வரும் என்று அவர் விளக்கம் கொடுத்தார். நான் அதை நம்பினேன். அந்த வரியைப் படித்த அன்றே நான் விலகியிருக்க வேண்டும். எந்த ஒழுங்கான இடமும், தன்னிடத்தில் திருமணம் செய்யப்போகிறவர் தன்னை அழைத்துக் கேட்பதைக் குற்றமாகக் கருதாது. ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்பதால்தான் அந்த வரி அங்கே எழுதப்பட்டிருந்தது.

இரண்டாவது ஏமாற்று, சட்டப்பூர்வமான பதிவைப் பற்றியது. ஸ்காட்லாந்தில் கோட்டை, கடற்கரை, மலையுச்சி என்று எங்கே வேண்டுமானாலும் திருமணம் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் மணமக்கள் இருவரும் தனித்தனியே எம்10 என்ற படிவத்தை நிரப்பி, திருமணம் நடக்கும் பகுதியின் பதிவாளருக்குச் சேர்ப்பிக்க வேண்டும். திருமண நாளுக்கு 3 மாதங்களுக்கு முன்பிருந்து அதைக் கொடுக்கலாம். மிகத் தாமதமாகப் போனாலும் 29 நாட்களுக்கு முன் அது பதிவாளரின் கையில் இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் பதிவாளர் திருமண ஷெட்யூல் என்ற ஆவணத்தைத் தருவார். அந்த ஆவணம் இல்லாமல் யாரும் சட்டப்படி திருமணம் செய்து வைக்க முடியாது. சடங்கு முடிந்ததும் மணமக்களும், 16 வயது நிறைந்த இரண்டு சாட்சிகளும், நடத்தி வைத்தவரும் அதில் கையெழுத்திட்டு, 3 நாட்களுக்குள் பதிவுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் படிவங்களையும் சான்றிதழ் நகல்களையும் ஏற்பாட்டாளர் வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் தாமே கவனித்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். திருமணத்துக்கு 19 நாட்கள் இருந்தபோது என் மாமனார் மதுரையிலிருந்து அழைத்து, "ஏம்மா, பதிவுப் பத்திரம் அன்னைக்கே கையில கொடுத்துருவாங்களா?" என்று கேட்டார். அவருக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகத்தான் நான் பதிவாளர் அலுவலகத்தை அழைத்தேன். எங்கள் இருவர் பெயரிலும் எந்தப் படிவமும் அங்கே வந்து சேரவில்லை. கெடுவோ கடந்துவிட்டிருந்தது.

ஏற்பாட்டாளரிடம் கேட்டபோது, தபாலில் தொலைந்திருக்கும், திருமணம் நடத்தி வைப்பவர் தரும் சான்றிதழே போதுமானது என்றார். அது பொய். தேவாலயப் போதகர்கள், 2005 முதல் அனுமதி பெற்றுள்ள மனிதநேய அமைப்பினர், பதிவாளர்கள் என்று அதிகாரம் உள்ளவர்கள் செய்து வைத்தால்தான் அங்கே திருமணம் செல்லும். அவ்வாறு அதிகாரம் பெற்ற சமய, மனிதநேயப் பிரதிநிதிகளின் பட்டியலை ஸ்காட்லாந்து தேசியப் பதிவகம் வெளியிடுகிறது. எங்களுக்காக ஏற்பாடு செய்யப்பட்ட பெண்மணியின் பெயர் அதில் இல்லை. அவர் அடையாளச் சடங்கு மட்டும் செய்து வைப்பவர். அதை அவர் ஏற்பாட்டாளரிடம் தெளிவாகச் சொல்லியும் இருக்கிறார். நான் விசாரிக்காமல் இருந்திருந்தால், மணமாகிவிட்டது என்று நம்பிக்கொண்டே சட்டத்தின் முன் மணமாகாதவர்களாக வாழ்ந்துகொண்டிருப்போம். எங்கள் இருவருக்கும் பிரிட்டனில் நிரந்தர வசிப்புரிமை உண்டு. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ திருமணத்துக்காகவே வருகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அவர்கள் திருமண வருகையாளர் விசாவில்தான் வர வேண்டும். சாதாரணச் சுற்றுலா விசாவில் வந்து இங்கே மணம் செய்ய முடியாது. இதைப் பற்றி எங்கள் ஏற்பாட்டாளரின் கையேட்டில் ஒரு சொல்கூட இல்லை.

அப்போதே ஏன் விலகவில்லை என்று கேட்பீர்கள். என் பெற்றோரும் மாமனார் குடும்பமும் விசா வாங்கி, விமானச் சீட்டும் எடுத்துவிட்டார்கள். பதிவுத் திருமணத்தைப் பின்னர் தனியே வைத்துக்கொள்ளலாம், கோட்டையில் சடங்காவது நன்றாக நடக்கட்டும் என்று எண்ணினோம். கோட்டை முன்பதிவு உறுதியாக இருக்கிறது என்று ஏற்பாட்டாளர் முத்திரையிட்ட கடிதம் ஒன்றையும் அனுப்பினார். அந்த முத்திரை கோட்டையுடையது அல்ல, அவருடையதே என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அன்றைய நாளுக்கு வருகிறேன். மணமகனுக்கும், என் தம்பிக்கும், இரண்டு நண்பர்களுக்குமாக நான்கு கில்ட் உடைகளுக்கு, தலைக்கு 110 பவுண்டு வீதம் ஏற்பாட்டாளர் எங்களிடம் வாங்கியிருந்தார். ஒழுங்கான கில்ட் என்பது கனத்த கம்பளித் துணியில், சுமார் 8 கஜம் பிடித்து, பின்புறம் முழுவதும் ஆழமான மடிப்புகள் வைத்துத் தைத்து, இடுப்பில் தோல் வாரும் கொக்கியும் போட்டுக் கட்டுவது. அந்தக் கனம் இருப்பதால்தான் அது கடற்காற்றிலும் அடங்கி நிற்கும். விடுதி அறையில் பெட்டியைப் பிரித்தபோது, தாவணித் துணியைவிடச் சற்றே தடித்த செயற்கை இழைத் துணியில், இடுப்பில் வெல்க்ரோ ஒட்டிய உடைகள் இருந்தன. மடிப்புகள் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் தைக்கப்பட்டு, கீழே தேய்ப்புப்பெட்டியின் சூட்டில் மடிந்திருந்தன, அவ்வளவுதான். பாறை உச்சிக்குப் போன ஐந்தாவது நிமிடத்தில் என் தம்பி இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. அவன் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

வாசலில் இருந்த பெண்மணி, அதே ஏற்பாட்டாளரை நம்பி அந்தப் பருவத்தில் வந்த இரண்டாவது குடும்பம் நாங்கள் என்றார். சாதாரணப் பார்வையாளர்களாக உள்ளே அனுமதிக்க முடியும், அனுமதியும் காப்பீடும் இல்லாமல் சடங்கு நடத்த விட முடியாது என்று விளக்கினார். அது நியாயமே. ஏற்பாட்டாளரின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

பேக்பைப் வாசிக்க வந்திருந்த பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்களிடம் அவருக்காக 280 பவுண்டு வாங்கப்பட்டிருந்தது; அவருக்குப் பேசப்பட்டதோ 120, அதில் ஒரு பென்னிகூட அவர் கைக்குப் போகவில்லை. அவர் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். "இந்தப் பெண்ணின் தாயார் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே" என்று சொல்லிவிட்டு, கோட்டை எல்லைக்கு வெளியே, எல்லோரும் நடக்கும் கடலோரப் பாதையின் ஒரு திருப்பத்தில் நின்று வாசிக்கத் தொடங்கினார். சுரக் குழலுக்கு அடியில் மற்றக் குழல்கள் ஒரே சுருதியில் விடாமல் ஒலிப்பதைக் கேட்ட அம்மா, "நம்ம ஒத்து மாதிரியே இருக்கே" என்று என் கையைப் பிடித்தார். அங்கேயே, டார்ட்டன் துணிப்பட்டையால் எங்கள் கைகளைச் சேர்த்துக் கட்டி, இரண்டு கைப்பிடி கொண்ட க்வேக் கிண்ணத்திலிருந்து இருவரையும் பருகச் செய்து, எங்களுக்குச் சடங்கு செய்து வைக்க வந்திருந்த பெண்மணி அதை முடித்துவைத்தார். அந்த இருவருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். பெரியவருக்குரிய 120 பவுண்டை நாங்களே கொடுத்தோம்.

மாலையில் கேய்லி நடனத்துக்கும் விருந்துக்கும் பிடித்திருந்த ஊர் மண்டபத்தில் முன்பணம் மட்டுமே கட்டப்பட்டிருந்தது. பாக்கி 650 பவுண்டை என் அப்பா கொடுத்த பிறகே கதவு திறந்தது.

பணத்தைத் திரும்பப் பெற்ற விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மொத்தத் தொகையில் முதல் 200 பவுண்டை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தோம். மீதி 4,600ஐ, பத்து சதவீதத் தள்ளுபடி என்ற ஆசை காட்டி, ஒரு தனிநபரின் பெயரில் இருந்த வங்கிக் கணக்குக்கு இரண்டு தவணையாக அனுப்பச் சொல்லியிருந்தார். வங்கி, இது சேவை பற்றிய தகராறு, மோசடி அல்ல என்று கைவிரித்தது. ஸ்காட்லாந்தில் 5,000 பவுண்டு வரையிலான கோரிக்கைகளை ஷெரிஃப் நீதிமன்றத்தில் எளிய நடைமுறையில், வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்க முடியும். ஆனால் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனிஸ் ஹவுஸின் தளத்தில் கட்டணமின்றித் தேடியபோது, ஒப்பந்தத்தில் இருந்த நிறுவனம் எங்களிடம் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே கலைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. எங்களைக் காப்பாற்றியது அந்த 200 பவுண்டுதான். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள ஒன்றை வாங்கும்போது, அதில் ஒரு பகுதியைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், ஒப்பந்தம் மீறப்பட்டால் முழுத் தொகைக்கும் கார்டு நிறுவனம் பொறுப்பாகிறது. டெபிட் கார்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஐந்து மாதம் கடிதம் எழுதி, வாசலில் இருந்த பெண்மணியின் எழுத்துப்பூர்வமான வாக்குமூலத்தையும் இணைத்த பிறகு, பேருந்துக்கும் புகைப்படக்காரருக்கும் உரியதைக் கழித்து 3,950 பவுண்டு திரும்பி வந்தது.

எம்10 படிவங்களை எங்கள் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்து, ஆடி பிறப்பதற்கு முன் அபெர்டீன் பதிவாளர் அலுவலகத்தில் சட்டப்படி திருமணம் செய்துகொண்டோம். பதிவுப் பத்திரத்தின் நகலை மாமனாருக்கு அன்றே அனுப்பினேன்.

அந்த ஏற்பாட்டாளர் இப்போது வேறு பெயரில் விளம்பரம் செய்கிறார். அவர் அனுப்பிய புகைப்படக்காரர் எடுத்த எங்கள் படத்தையே முகப்பில் போட்டிருக்கிறார். நீக்கச் சொல்லி இருமுறை எழுதியும் பதில் இல்லை. அரக்குப் பட்டுப் புடவையில் ஒரு பெண், அருகே கில்ட் அணிந்த மணமகன், பேக்பைப் வாசிக்கும் நரைத்த தாடிப் பெரியவர், பின்னால் கடலும் கோட்டையும் என்று ஒரு படத்தை நீங்கள் பார்த்தால், அந்தப் பெண் நான்தான். படத்தில் தெரியும் கோட்டைக்குள் அன்று நாங்கள் யாரும் காலெடுத்து வைக்கவில்லை.