பச்சை அட்டை அகராதியும் எங்கள் அறுபது ஆடுகளும்

எந்த ஆங்கிலம்–தமிழ் அகராதி கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டுவது ‘ஷீப்’ என்ற சொல்லைத்தான். அப்பா வேம்பூர் ஆடு வளர்த்தவர். வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டுத் திட்டாக இருக்குமே, அந்தச் செம்மறி. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையை எறிந்துவிட்டுக் கிடைக்கு ஓடுவேன். இப்போது கோவில்பட்டியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் டியூஷன் எடுக்கிறேன். மற்ற சொற்களில் அகராதி என்னை ஏமாற்றலாம். ஆட்டில் முடியாது.

போன மாதம் டியூஷனுக்கென்று ஒன்று வாங்கினேன். பச்சை அட்டை, கழிவு போக 420 ரூபாய். கடைக்காரர் தெரிந்தவர், அதனால் பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். எழுத்து கண்ணுக்கு இதமான அளவு. பின்பக்க அச்சு முன்னால் தெரியாத தாள். விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்ளாத கட்டு. இதிலெல்லாம் குறையே இல்லை.

சரி, ஷீப்புக்கு வருவோம். ‘ஆடு’ என்று போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். வெள்ளாட்டைச் சொல்லும் ‘கோட்’ பக்கத்தைப் புரட்டினேன். அங்கேயும் ‘ஆடு’.

நமக்கு ஆடு என்றால் இரண்டும்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மேய்த்தவர்களைக் கேளுங்கள். செம்மறி தலையைக் கவிழ்த்துக்கொண்டு முன்னால் போகிற ஆட்டின் வாலைப் பார்த்தே போகும். வெள்ளாடு வேலியில் முன்னங்காலைத் தூக்கி வைத்து அடுத்தவன் தோட்டத்தை எட்டிப் பார்க்கும். ஒருவரை ஷீப் என்று ஆங்கிலத்தில் ஏசினால், சொந்த யோசனை இல்லாமல் கூட்டத்தோடு போகிறவர் என்று பொருள். அது செம்மறியின் குணம், வெள்ளாட்டுக்குப் பொருந்தாது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் மேய்ப்பன் செம்மறிகளை வலப்பக்கமும் வெள்ளாடுகளை இடப்பக்கமும் நிறுத்துவான். தமிழ் வேதாகமத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், சரியாக இருக்கிறது. இந்தப் பச்சை அட்டையை வைத்து மொழிபெயர்த்தால் ஆடுகளை ஆடுகளிடமிருந்து பிரித்தான் என்றுதான் எழுத வேண்டிவரும்.

அடுத்து ‘ஷீப்பிஷ்’. ‘ஆடு போன்ற’ என்று இருக்கிறது! நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். தப்பு செய்து மாட்டிக்கொண்டவன் என்ன சொல்வதென்று தெரியாமல் இளிப்பானே, அந்த இளிப்புக்கு ஆங்கிலேயன் வைத்த பெயர் அது. அசட்டுச் சிரிப்பு, அசடு வழிவது என்று நம்மிடம் கையிலேயே சொல் இருக்கிறது. ஒருவரை மையலோடு பார்ப்பதையும் ‘ஷீப்ஸ் ஐஸ்’ என்பார்கள். அகராதியில் ‘ஆட்டுக் கண்கள்’. ஆட்டின் கண்ணைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? கண்மணி உண்டியல் துளை மாதிரிக் குறுக்கே கிடக்கும். அதில் எப்படிக் காதலைக் கண்டார்களோ, அது அவர்கள் பாடு.

எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது ‘பிளாக் ஷீப்’ இடத்தில். ‘துரோகி, உளவாளி’ என்று எழுதியிருக்கிறார்கள். நம் செய்தித்தாள்களில் ‘காவல்துறையில் கறுப்பு ஆடுகள்’ என்று வருவது இந்தப் பொருளில்தான், உள்ளே இருந்துகொண்டே காட்டிக்கொடுப்பவன். அது தமிழுக்கு வந்த பிறகு எடுத்த பொருள். ஆங்கிலத்தில் பிளாக் ஷீப் யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. குடித்தோ கடன் வாங்கியோ குடும்பத்தின் பெயரைக் கெடுத்த பிள்ளை, அவ்வளவுதான். காரணம் கம்பளி. கறுப்பு மயிரில் சாயம் ஏறாது, அதனால் விலை குறைவு. இங்கிலாந்தே கம்பளியில் காசு பார்த்த நாடு. அங்கே நாடாளுமன்ற மேலவையான பிரபுக்கள் சபையின் தலைவர் இன்றைக்கும் கம்பளி அடைத்த மூட்டை இருக்கையில்தான் உட்காருகிறார். எங்கள் வேம்பூர் ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது, குட்டை மயிர்தான். கறுத்த குட்டி பிறந்தால் அதற்காக யாரும் விலையைக் குறைத்துக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு பையன் இந்த அகராதியை நம்பி, வேலை வெட்டி இல்லாத தன் மாமாவைத் துரோகி என்று பரீட்சையில் எழுதினால் யார் பொறுப்பு?

‘பெல்வெதர்’ இருக்கிறது, ‘முன்னோடி’ என்ற பொருளோடு. தப்பில்லை, ஆனால் ஆடு காணாமல் போய்விட்டது. வெதர் என்றால் காயடித்த கிடா. அதன் கழுத்தில் மணியைக் கட்டிவிட்டால் மந்தை அந்தச் சத்தத்துக்குப் பின்னால் போகும். பங்குச்சந்தைக்காரர்கள் ஒரு கம்பெனியின் கணக்கைப் பார்த்து மற்றவை எந்தப் பக்கம் போகும் என்று ஊகிப்பார்கள், அந்தக் கம்பெனி பெல்வெதர். ஒரு வரியில் இதைச் சொல்லியிருக்கலாம்.

பாராட்ட வேண்டியதும் இருக்கிறது. குட்டியைத் திருடினாலும் தூக்கு, பெரிய ஆட்டைத் திருடினாலும் தூக்கு, அப்புறம் ஏன் குட்டியோடு நிற்க வேண்டும் என்று ஒரு ஆங்கிலப் பழமொழி. சும்மா சொன்னதில்லை. 1741 முதல் 1832 வரை ஆடு திருடினால் மரண தண்டனை என்று தனிச் சட்டமே அங்கே இருந்தது. இதற்கு அகராதி தருவது: ‘முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு’. அபாரம்! இந்தப் பக்கத்தை எழுதியவரே ஷீப் பக்கத்தையும் எழுதியிருக்கக் கூடாதா?

பன்மையும் ஷீப்தான், ஷீப்ஸ் இல்லை என்பதைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள், நல்லது. பழைய ஆங்கிலத்திலேயே பன்மை விகுதி ஏற்காத சொல் இது, மானைச் சொல்லும் ‘டியர்’ போல. மட்டனுக்கு வெறும் ‘ஆட்டிறைச்சி’. லண்டனில் அது வளர்ந்த செம்மறியின் கறி, நம் ஊரில் பெரும்பாலும் வெள்ளாடு. அதையும் பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் போதும், வாங்கலாம். மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்கள் இதை நம்பி இறங்க வேண்டாம்.

தூக்கம் வர ஆடு எண்ணுவது என்ற வழக்கத்தை மட்டும் அகராதியில் காணோம். அதில் எனக்கு வருத்தமில்லை. சாயங்காலம் கிடையில் அடைக்கும்போது அப்பா சோடி சோடியாக எண்ணுவார். அறுபதுக்கு ஐம்பத்தொன்பது வந்துவிட்டால் அன்று ராத்திரி எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் தூக்கம் கிடையாது.