நேரடி நெல் கொள்முதல் நிலையம்: பலகை விலையும் கைக்கு வரும் விலையும்

காவிரிப் படுகையில் ஓரிரு ஏக்கர் நெல் போடுகிறவருக்கு அறுத்த நெல்லை விற்க மூன்று வழி: வயல் வரப்புக்கே வரும் வியாபாரி, ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி கொள்முதல் நிலையம். கடைசியாகச் சொன்னதை ஊரில் டிபிசி என்பார்கள். பொது ரகமும் (குண்டு நெல்) சாதாரண சன்ன ரகமும் (மெல்லிய நெல்) விற்க, மூன்றில் இதன் விலையே பெரும்பாலும் கூடுதல். ஆனால் அது காய்ந்து, தூற்றி, எடைபோட்டு முடிந்த நெல்லுக்கான விலை. அறுவடை மிஷின் கொட்டுவது அந்த நெல் அல்ல. அங்கேதான் கணக்கு தொடங்குகிறது.

2025-26 கொள்முதல் பருவத்தில் மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை முறையே 131, 156. ஆக 2,500, 2,545. நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. பொது ரகம் மூட்டை 1,000 ரூபாய், சன்னம் 1,018 ரூபாய். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும், தரகு கிடையாது. செப்டம்பரில் விற்றாலும் பிப்ரவரியில் விற்றாலும் இதே விலை. அறுவடை நெருக்கடியில் வியாபாரி விலையைத் தள்ளும்போது இந்த உறுதிக்கு ஈடு எதுவும் இல்லை. விலையைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை.

குறை ஈரப்பதத்தில் வருகிறது. வரம்பு 17 விழுக்காடு. மிஷின் அறுத்த நெல் 20 முதல் 24 வரை இருக்கும், மழை நாளில் இன்னும் மேலே. ஒரு ஏக்கரில் 22 விழுக்காடு ஈரத்தோடு 2,400 கிலோ கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். 17-க்குக் காயவைத்தால் 2,255 கிலோ நிற்கும் (2,400-ஐ 78-ஆல் பெருக்கி 83-ஆல் வகுக்க வேண்டும்). 145 கிலோ வெறும் தண்ணீராகப் போனது. மீதியில் 56 மூட்டை, 15 கிலோ சில்லறை. சன்ன ரகமானால் 57,008 ரூபாய். காயவைக்க ஆள், தார்ப்பாய் வாடகை, டிராக்டர், காவல் எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய் என்றால் கையில் 54,508. இதை ஈர நெல்லின் 2,400 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோ 22 ரூபாய் 71 காசு.

வியாபாரி கேட்கும் விலையோடு ஒப்பிட வேண்டியது இந்த 22.71-ஐத்தான், பலகையில் எழுதிய 25.45-ஐ அல்ல. அவர் 60 கிலோ மூட்டைக்கு 1,363 ரூபாய்க்கு மேல் கொடுத்து, வயலிலேயே எடைபோட்டு, அன்றே பணமும் தந்தால் அவரிடம் கொடுப்பதில் தவறில்லை. 60 என்று பேசிவிட்டு சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று 62 கிலோ நிறுத்தினால், அதே மூட்டைக்கு 1,408 கேட்க வேண்டும். விலை பேசும் முன் எத்தனை கிலோ மூட்டை என்று கேட்காமல் விடுவதில்தான் பலர் இழக்கிறார்கள். நிலையத்தில் ஒரு வாரம் காத்திருந்து செலவு 4,000 ஆகிவிட்டால் ஒப்பீட்டு விலை 60 கிலோவுக்கு 1,325 ஆக இறங்கும்.

காயவைப்பதிலும் அளவு தெரிய வேண்டும். 17-க்குக் கீழே எவ்வளவு காய்ந்தாலும் கூடுதல் விலை கிடையாது. மேற்சொன்ன நெல்லை 14 வரை காயவிட்டால் இன்னும் 79 கிலோ குறையும். அது ஏறக்குறைய இரண்டு மூட்டை, 2,000 ரூபாய். 16-இல் நிறுத்தினால் 27 கிலோதான் போகும். நிலையத்து ஈரப்பத மீட்டர் கொஞ்சம் முன்னே பின்னே காட்டினாலும் திருப்பி அனுப்ப முடியாது. சிமெண்ட் களத்தில் இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அரை மணிக்கொரு தரம் காலால் சால் விட்டுக் கிளற வேண்டும். தார்ச்சாலையில் காயவைத்தால் கல்லும் மண்ணும் ஏறும். அவற்றுக்கு வரம்பு 1 விழுக்காடுதான். சாயங்காலம் குவித்து மூடிய நெல்லை மறுநாள் வெயில் வந்ததும் திறந்தே ஆக வேண்டும். ஈர நெல் மூச்சு விட்டுச் சூடேறும். தார்ப்பாயின் அடியில் நீர் கோத்து மேல் அடுக்கில் சொட்டும். முளைப்பதும் மஞ்சளாவதும் அங்கேதான். மீட்டரில் பார்க்க மாதிரி எடுக்கும்போது குவியலின் மேல், நடு, அடி மூன்றிலும் எடுக்கச் சொல்லுங்கள். பனி விழுந்த காலையில் மேல்நெல்லை மட்டும் அள்ளினால் இல்லாத ஈரம் தெரியும்.

பதரையும் கருக்காயையும் (அரைகுறையாக முற்றிய நெல்) நிலையத்துத் தூற்றும் இயந்திரம் ஓரளவு தள்ளிவிடும். ஆனாலும் அறுக்கும்போதே மிஷின்காரரிடம் காற்றாடி வேகத்தைச் சரிபார்க்கச் சொல்வது நல்லது. பனி உலர்ந்த பிறகு, பத்து மணிக்கு மேல் அறுத்தால் ஈரமும் குறையும், தூசியும் குறையும்.

சேவை எங்கே சறுக்குகிறது? வரிசையில். ஒரு நிலையம் நாளொன்றுக்கு 800 முதல் 1,000 மூட்டை வரை எடுக்கும். சம்பா, தாளடி அறுவடையில் சுற்றுப்பட்டு ஊர்களில் மிஷின்கள் ஒரே வாரத்தில் இறங்கும்போது இந்த அளவு எந்த மூலைக்கும் போதாது. அதற்கும் மேலே இன்னொரு முட்டுக்கட்டை உண்டு: எடுத்த நெல்லை லாரியில் ஏற்றிக் கிடங்குக்கோ ரயிலுக்கோ அரவை ஆலைக்கோ அனுப்பினால்தான் அடுத்த நெல்லுக்கு இடம் கிடைக்கும். இதை ‘இயக்கம்’ என்பார்கள். இயக்கம் நின்றால் கொள்முதலும் நிற்கும். கட்டிய மூட்டை வெயிலில் கிடந்து எடை குறைந்தால் அந்தக் குறைவுக்கு நிலையத்தின் கணக்கை எழுதும் பட்டியல் எழுத்தர் பதில் சொல்ல வேண்டும். மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாக நிறுத்தும் பழக்கத்தின் வேர் இதில் இருக்கிறது. 56 மூட்டையில் அந்த ஒரு கிலோ 1,425 ரூபாய். லாரி தாமதத்தின் விலையை விவசாயி கட்டுவது அநியாயம். சுமைக் கூலியும் கழகம் தருவதுதான். இருந்தும் மூட்டைக்கு இவ்வளவு என்று பணம் கேட்பதாகப் புகார் பருவத்துக்குப் பருவம் எழுந்துகொண்டே இருக்கிறது.

தராசில் பார்க்க வேண்டிய எண் 40.580: நெல் 40 கிலோ, சாக்கு 580 கிராம். அதைத் தாண்டினால் அங்கேயே கேளுங்கள், மூட்டை தைத்த பிறகு கேட்டுப் பயனில்லை.

மழை பற்றியும் சொல்ல வேண்டும். 2023 பிப்ரவரியில் அறுவடை நேரத்தில் படுகை நனைந்தபோது ஈரப்பத வரம்பு 20 விழுக்காடு வரை தளர்த்தப்பட்டது. ஆனால் தளர்வு வேண்டுமானால் மாநிலம் கடிதம் எழுத வேண்டும், ஆய்வுக் குழு வந்து மாதிரி எடுக்க வேண்டும், பிறகு டெல்லியில் உத்தரவு பிறக்க வேண்டும். நனைந்த நெல் முளைக்க மூன்று நாள் போதும். நிலையத்துக்கு நிலையம் கூரை போட்ட களமும் ஓர் உலர்த்தியும் இருந்தால் இந்தக் கடிதங்களுக்கே வேலையிருக்காது.

முன்பதிவு இணையத்தில். சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (சாகுபடிப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். குத்தகைக்காரருக்கு இங்கேதான் சிக்கல்: சிட்டா நிலத்துக்காரர் பெயரில் இருக்கும். சாகுபடி செய்கிறவர் யார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சான்றை அறுவடைக்கு இரண்டு வாரம் முன்னதாகவே வாங்கி வைக்க வேண்டும். மிஷின் வயலில் நிற்கும்போது சான்றுக்கு அலைந்தால் நெல் வியாபாரியிடம்தான் போகும்.

ரகத் தேர்வுக்கும் இந்த விலை ஒரு குறிப்பு தருகிறது. சன்னத்துக்கும் பொது ரகத்துக்கும் மூட்டைக்கு 18 ரூபாய்தான் வித்தியாசம். ஏஎஸ்டி 16 போன்ற குண்டு ரகம் ஏக்கருக்கு ஒரு மூட்டை கூடுதலாகக் கண்டால் அந்த வித்தியாசம் அடைபட்டுவிடும். பிபிடி 5204, வெள்ளைப் பொன்னி போட்டவர்கள் இங்கே வர வேண்டியதில்லை. சாப்பாட்டு அரிசிக்கான கூடுதல் விலை நிலையத்தில் கிடைக்காது. அதை ஆலைக்காரரிடமோ விற்பனைக் கூடத்து ஏலத்திலோதான் கேட்க வேண்டும்.

2025-26 ஆதரவு விலைக்கு அடிப்படையாக மத்திய அரசு எடுத்துக்கொண்ட உற்பத்திச் செலவு குவிண்டாலுக்கு 1,579 ரூபாய். கைச்செலவும் குடும்ப உழைப்பும் இதில் அடங்கும். சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பும் சொந்த முதலுக்கான வட்டியும் அடங்காது. மேற்சொன்ன 56 மூட்டை, அதாவது 22.4 குவிண்டால் கண்டால் ஏக்கர் செலவு 35,370 ஆகிறது. அதே செலவு செய்து, புகையான் பூச்சியோ மழையோ அடித்துக் கண்டுமுதல் (விளைச்சல்) 15 குவிண்டாலுக்கு விழுந்தால் குவிண்டால் செலவு 2,358-க்கு ஏறிவிடும். அப்போது சன்ன ரகத்தில் ஏக்கருக்கு மிஞ்சுவது 2,800 ரூபாய் சொச்சம். சொந்த நிலக்காரருக்கு அது. குத்தகை நெல்லை இதற்குள்ளிருந்துதான் அளக்க வேண்டும் என்றால், நிலையம் கிராம் பிசகாமல் நிறுத்தினாலும் குத்தகைக்காரர் வீட்டுக்கு ஒன்றும் போகாது.